தட்டச்சு மேசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய தட்டச்சுப்பொறிகளை வாங்குவது, பழுது நீக்குவது, அவற்றில் எழுதுவது ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் தெருவிலிருந்த தட்டச்சுப் பயிலகத்தை மூடுகிறார்கள். அங்குள்ள ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் பொறிகளை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், மதுரை

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் குறிப்பிட்ட மூன்றுமே நல்ல பொறிகள்தாம். கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கி 2009 வரை செய்துவந்தது. ஆகவே அதற்கு உதிரி உறுப்புகள் கிடைப்பது மற்றவற்றைவிட எளிது. ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் அந்த ஒரு பொறி எப்படி உழைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பயிலகத்துப் பொறி ஒருநாளும் சும்மா இருந்திராது. அதனால் துருப்பிடித்து இறுகியிருக்க வாய்ப்புக் குறைவு. அதே காரணத்தால் தேய்மானம் மிகுதியாக இருக்கும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரும் முதல் சில நாட்கள் 'ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்' என்ற ஒரே பாடத்தையே அடித்துக்கொண்டிருப்பதால், நடுவரிசை எழுத்துகள் மற்றவற்றைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். தாள் ஒன்றைச் செருகி அந்த எழுத்துகளை முதலில் அடித்துப் பாருங்கள்.

அடுத்து, வண்டியை (தாளைத் தாங்கியபடி இடமும் வலமும் நகரும் மேற்பகுதியை) வலப்பக்கக் கடைசிவரை இழுத்துவிட்டு, இடைவெளிப் பட்டையை ஒரே சீராகத் தட்டியபடி வண்டியை இடப்பக்கக் கடைசிவரை ஓடவிடுங்கள். நடுவில் தயங்கினாலோ, ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து இடம் தாண்டினாலோ, வண்டியை ஒவ்வொரு பல்லாக நகர்த்தும் சக்கரத்திலோ அதைப் பிடித்து விடும் நாக்கிலோ தேய்மானம் இருக்கக்கூடும். அழுக்காலும் தயக்கம் வரலாம். ஆனால் அழுக்கைக் கழுவிவிட முடியும், தேய்ந்த பல்லை அப்படிச் சரிசெய்ய முடியாது. பிறகு பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் மாற்றி மாற்றி அடித்து, இரண்டின் அடியும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஓரத்தை நெருங்கும்போது மணி அடிக்க வேண்டும். தாள் சுற்றி வரும் உருளையின் இருபக்கக் குமிழ்கள், வரி மாற்றும் கைப்பிடி, ரிப்பன் மூடி ஆகியவை இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள்; காணாமற்போன சிறு உறுப்பைத் தேடுவது உடைந்ததைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

வெளிவண்ணம் உரிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அதற்காக வாங்காமல் விட வேண்டாம்.

பதினைந்து ஆண்டுகளாகப் பரணில் கிடந்த பொறியை இறக்கினோம். எழுத்துகள் மேலே போய் அப்படியே நின்றுவிடுகின்றன; கையால் தள்ளினால்தான் கீழே வருகின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். விடலாமா?
– வாசகி, கும்பகோணம்

விடக் கூடாது. இந்தக் கேள்வி வேறு வேறு வடிவில் வேறு சில கடிதங்களிலும் வந்திருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எழுத்துத் தண்டுகள் அனைத்தும், நடுவில் அரைவட்டமாக இருக்கும் ஓர் இரும்புப் பட்டையின் மெல்லிய வெட்டுகளுக்குள் அடிமுனையைப் பொருத்தி நிற்கின்றன. ஒவ்வொரு தண்டும் தன் வெட்டுக்குள் எந்தத் தடையுமின்றி ஆட வேண்டும்; எழுத்து தாளைத் தொட்டதும் தன் எடையாலும் சிறு வில்லின் இழுப்பாலும் கீழே விழ வேண்டும். அந்த வெட்டுகளில் யாரோ என்றோ விட்ட எண்ணெயும், தூசியும், அழிப்பான் துகளும் சேர்ந்து காலப்போக்கில் பிசினாகிவிட்டன. உங்கள் பொறியின் நோய் பெரும்பாலும் இதுதான். எண்ணெயால் வந்த நோய்க்கு மேலும் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடி மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாக இறுகும். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. மார்கழிக் குளிரில் அது உறைந்தே போகும்.

கழுவுவதற்கு முன், குறை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். விசையைத் தொடாமல், எழுத்துத் தண்டை மட்டும் விரலால் பாதி தூக்கி விடுங்கள். மெதுவாக இறங்கினால் வெட்டில் அழுக்கு. அங்கே தாராளமாக இறங்கியும், விசையை அழுத்தும்போது மட்டும் சுணங்கினால், அடியிலுள்ள நெம்புகோலிலோ இணைப்புக் கம்பியிலோ குறை இருக்கும். ஒரு தண்டு பக்கத்துத் தண்டை உரசிக்கொண்டு மேலே போனால், இரண்டு மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அழுத்திச் சிக்கவைத்த யாரோ அதை வளைத்திருக்கிறார்கள். தாளைத் தொடும் இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டால், எழுத்து நுழையும் அந்தச் சிறு பிளவு நெளிந்திருக்கலாம். பின்னிரண்டையும் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது; ஒரு தண்டை அரை மில்லிமீட்டர் அதிகமாக வளைத்தால்கூட அந்த எழுத்து வரிக்கு மேலோ கீழோ போய்விடும்.

அழுக்குதான் என்று உறுதியானால், பொறியைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். அடுப்போ ஊதுபத்தியோ அருகில் இருக்கக் கூடாது. பழைய மெக்கானிக்குகள் 'ஒயிட் பெட்ரோல்' என்று கேட்டு வாங்குவதும், சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவமும் இதற்கு ஏற்றவை. மண்ணெண்ணெய் காய்ந்த பின்னும் பிசுக்கை விட்டுச்செல்லும், தின்னர் வண்ணத்தையும் பிளாஸ்டிக் விசைகளையும் கரைத்துவிடும், இரண்டும் வேண்டாம். அடியில் பழந்துணியை விரித்து, உருளையைத் துணியால் மூடி, மெல்லிய தூரிகையால் வெட்டுகளில் மட்டும் திரவத்தைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு விசையையும் பலமுறை அழுத்துங்கள். கரிய சாறு வழியும். அது தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். பிறகு ஒரு நாள் முழுவதும் காற்றில் உலரவிடுங்கள்.

அவசரப்படுவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முதல் கழுவலில் எல்லா எழுத்துகளும் துள்ளி விழும். மறுநாள் பாதி மீண்டும் ஒட்டிக்கொள்ளும். கரைந்த பிசின் முழுதும் வெளியேறாமல் வெட்டின் ஆழத்தில் மீண்டும் காய்ந்திருக்கிறது என்றே அதற்குப் பொருள். இரண்டாவது, மூன்றாவது முறை கழுவ வேண்டியிருக்கும். அதன் பின்னும் அந்த அரைவட்டப் பட்டையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாதீர்கள். அது உலர்ந்த நிலையிலேயே ஓட வேண்டிய இடம். தையல் இயந்திர எண்ணெயில் ஒரு துளியை ஊசி முனையில் எடுத்து, வண்டி ஓடும் தண்டவாளத்தில் மட்டும் தடவினால் போதும்.

எழுத்து முகங்களில் அடைத்த மையைப் பழைய பல் துலக்கும் தூரிகையாலேயே அகற்றலாம். 'அ'வின் வயிறும் ஆங்கில 'இ'யின் கண்ணும் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தவை, அதன் பின் திறந்து தெளிவாக விழும். ஊசியால் குத்தி எடுக்க வேண்டாம். எழுத்தின் விளிம்பு கீறப்படும்.

ரிப்பன் இன்னும் கிடைக்கிறதா? என் பொறியில் ரிப்பன் ஒரு முனைக்குப் போய் நின்றுவிடுகிறது, திரும்பி வருவதில்லை.
– வாசகர், திருநெல்வேலி

தமிழ்நாட்டில் தட்டச்சுத் தேர்வுகள் நடந்துகொண்டிருக்கும்வரை ரிப்பனுக்குப் பஞ்சம் வராது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர் (இளநிலை), ஹையர் (முதுநிலை) தேர்வுகளுக்காகப் பயிலகங்கள் இன்றும் அதை வாங்குகின்றன. பயிலகங்களுக்குச் சரக்குத் தரும் எழுதுபொருள் கடைகளில் கேளுங்கள். பெரும்பாலான பொறிகளுக்கு அரை அங்குல அகல ரிப்பன்தான்; கடைகளில் 13 மில்லிமீட்டர் என்றும் சொல்வார்கள். சுருள் வட்டு மட்டும் பொறிக்குப் பொறி மாறும். ஆகவே பழைய வட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். புதிய ரிப்பனை அதில் சுற்றிக்கொண்டால் உங்கள் பொறிக்குப் பொருந்தும்; கை கறுக்கும், அவ்வளவுதான்.

திரும்பாததற்குக் காரணம் பெரும்பாலும் எளியது. ரிப்பனின் இரு முனைகளுக்கும் அருகில் சிறு உலோகக் கண் ஒன்று இருக்க வேண்டும். வட்டு தீரும்போது அந்தக் கண் ஒரு சிறு கவையில் மாட்டி இழுத்தால்தான் திசை மாறும் பொறிமுறை இயங்கும். பல மலிவான ரிப்பன்களில் அந்தக் கண் இருப்பதில்லை. முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். ரெமிங்டனின் சில மாதிரிகள் கண்ணை நம்பாமல் வேறு முறையில் திரும்புபவை. அவற்றுக்கு முடிச்சு உதவாது, திருப்பும் நெம்புகோலில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதனோடு இன்னொன்று: புதிய ரிப்பன் போட்டும் எழுத்தே விழவில்லை என்று எழுதியிருந்த விழுப்புரம் வாசகர், ரிப்பன் நிறத்தை மாற்றும் சிறு நெம்புகோல் வெள்ளைப் புள்ளியில் நிற்கிறதா என்று பார்க்கட்டும். அது ஸ்டென்சில் வெட்டுவதற்கான நிலை. அதில் ரிப்பன் எழவே எழாது. எழுத்து நேராக மெழுகுத் தாளைக் கிழித்தால்தான் அதன் வழியே மை இறங்கிப் பல படிகள் விழும் சைக்ளோஸ்டைல் எடுக்க முடியும் என்பதால் அப்படி அமைத்தார்கள்.

விசைகள் நன்றாக அடிக்கின்றன. ஆனால் வண்டி நகர மறுக்கிறது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.
– வாசகர், ஈரோடு

கையடக்கப் பொறியானால் வண்டிப் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, வரியின் தொடக்கத்தையும் முடிவையும் வரையறுக்கும் ஓரத் தடுப்பான்கள் இரண்டும் நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், வண்டியை இழுக்கும் நாடா அறுந்திருக்கும்.

பொறியின் பின்புறம் சுருள்வில்லை அடக்கிய ஒரு வட்ட டப்பி இருக்கும். அதிலிருந்து வரும் நாடாவோ கயிறோ வண்டியோடு கோக்கப்பட்டிருக்கும். வரி முடிந்ததும் நீங்கள் வண்டியைத் தள்ளும்போது அந்த வில் முறுக்கேறுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் சிறிது சிறிதாக அது தளர்ந்து வண்டியை இழுக்கிறது. எழுதும்போது வண்டியை நகர்த்தும் ஆற்றல் அதுதான். நாடா பழையதாகி அறுந்தால், அதே நீளத்துக்குக் கெட்டியான தூண்டில் நரம்பைக் கட்டலாம். பல மெக்கானிக்குகள் அப்படித்தான் செய்கிறார்கள். கட்டிய பின் டப்பியைச் சில சுற்றுகள் முறுக்கி, வண்டி இடப்பக்கக் கடைசிவரை தயங்காமல் போகும் அளவுக்கு மட்டும் முறுக்கேற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் வண்டி முரட்டுத்தனமாகப் பாய்ந்து பற்களைத் தேய்க்கும்.

முறுக்கேறிய டப்பியைக் கைநழுவ விடாதீர்கள். விரலைக் கிழிக்கும் வேகத்தில் சுழலும். உள்ளேயுள்ள சுருள் தன் கொக்கியிலிருந்து கழன்றும் விடலாம். டப்பியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம்.

என் அம்மப்பாவிடமிருந்து 'பிஜோ' என்று பெயர் பொறித்த சிறிய தமிழ்த் தட்டச்சுப்பொறி ஒன்று வந்திருக்கிறது. இதன் வரலாறு என்ன? இதில் புள்ளியை அடித்தால் வண்டி நகரவில்லை, பழுதா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பழுதில்லை. உங்கள் கையில் இருப்பது உங்கள் ஊரோடு நேரடித் தொடர்புடைய பொறி. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குப் போய்ச் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை என்று அறியப்படுபவர். அவர் வகுத்த விசைப்பலகையோடு 1930களில் ஜெர்மனியில் தமிழ்ப் பொறிகள் செய்யப்பட்டன. டிரெஸ்டன் நகரின் சைடல் அண்ட் நௌமன் தொழிற்சாலை 'எரிகா' என்ற பெயரில் விற்ற கையடக்கப் பொறி, வெளிநாடுகளில் 'பிஜோ' என்ற பெயரிலும் விற்கப்பட்டது. தமிழ்க் கையடக்கப் பொறிக்கும் அந்தப் பெயரே வந்தது.

அவர் எதிர்கொண்ட சிக்கலை எண்ணிப் பாருங்கள். தமிழில் எழுத்துகள் 247. தட்டச்சுப்பொறியில் ஏறத்தாழ 45 விசைகளுக்குத்தான் இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு குறிகள் வைத்தாலும் 90 தான் தேறும். கால், கொம்பு போன்றவற்றைத் தனி விசையாக்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஏனென்றால் அவை எழுத்துக்கு முன்னோ பின்னோ தமக்கென ஓர் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடித்துப் போகலாம். ஆனால் மெய்யின் புள்ளி எழுத்தின் தலைக்கு மேல் உட்கார வேண்டும். அதற்காகத்தான் நகரா விசை. அதை அடித்தால் புள்ளி தாளில் விழும், வண்டி அங்கேயே நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து அமரும். ஆகவே 'அம்மா' என்பதை அ, புள்ளி, ம, ம, கால் என்ற வரிசையில் அடிக்க வேண்டும். கையால் எழுதும்போது புள்ளியைப் பின்னால் வைத்துப் பழகிய நமக்கு முதல் சில பக்கங்களில் இது தலைகீழாகத் தோன்றும். தட்டச்சில் பழகிய பலர், கணினியிலும் பழைய தட்டச்சு விசைப்பலகையையே விடாமல் வைத்திருப்பதற்கு இந்தக் கைப்பழக்கம் ஒரு காரணம்.

உகர, ஊகார எழுத்துகளில் குறி எழுத்தோடு ஒட்டி உருமாறுவதால் அவற்றில் பலவற்றுக்குத் தனி விசை கொடுத்தாக வேண்டியிருந்தது. விசைப்பலகையின் பெரும் நெருக்கடி அங்கேதான்.

பராமரிப்பைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள். உங்கள் பொறியின் எழுத்து வடிவங்களை 'இன்றைய முறைக்கு' மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று றா, ணா, னா, லை, ளை போன்றவற்றின் வடிவத்தை மாற்றிய பிறகு வந்த பொறிகள் எத்தனையோ உண்டு. அதற்கு முந்தைய வடிவங்கள் உங்கள் பொறியில் இருந்தால் அவைதாம் அதன் மதிப்பு. எழுத்துக் கட்டைகள் தண்டின் நுனியில் பற்றவைக்கப்பட்டவை. ஒன்றைக் கழற்றி மற்றொன்றை ஒட்டினால் பழைய வரிசை நேர்த்தி திரும்புவது அரிது.

என்னிடமுள்ள பழைய அண்டர்வுட் பொறியைப் புதிதாக வண்ணமடித்துப் பளபளப்பாக்க விரும்புகிறேன். எந்த வண்ணம் பொருத்தம்?
– வாசகர், சென்னை

எந்த வண்ணமும் பொருத்தமில்லை. 1900இல் வந்த அண்டர்வுட் ஐந்தாம் எண் மாதிரி முதல், அந்த வரிசைப் பொறிகளின் கறுப்பு மெருகும் பொன்னிறக் கோடுகளும் எழுத்துகளும் தொழிற்சாலையில் ஒருமுறை இடப்பட்டவை, உரித்தால் போனதுதான். தேய்ந்த வண்ணத்தோடு ஒழுங்காக அடிக்கும் பொறியை, சிவப்பு நிறம் பூசி அடிக்காமல் நிற்கும் பொறியைவிட உயர்வாகவே நான் வைப்பேன். இப்போது அலங்காரப் பொருளாக விற்கப்படும் பல பொறிகளில் வண்ணம் விசைத் தண்டுகளின் இடுக்கிலும் புகுந்து, அவை இனி ஒருபோதும் எழுதாதபடி ஆகியிருக்கின்றன.

மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பொன்னெழுத்துகளின்மேல் தேய்க்காதீர்கள், தொட்டு எடுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பின் வழவழப்பான பரப்புக்கு மட்டும் மெல்லிய மெழுகு இடலாம். சுருக்கம் விழுந்தது போன்ற வண்ணப் பரப்பில் மெழுகு இட்டால் அது பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கிவிடும். நிக்கல் அல்லது குரோம் முலாமிட்ட உறுப்புகளின் லேசான துருவை, ஒரு துளி எண்ணெயில் மிக நுண்ணிய இரும்புப் பஞ்சைத் தொட்டுத் தேய்த்து எடுக்கலாம்.

உருளை கல் போல இறுகியிருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் தாளில் ஓட்டை விழுகிறது.
– வாசகர், சேலம்

ரப்பர் வயதானால் இறுகும். அதற்கு மருந்து கிடையாது. தற்காலிகமாக, எழுதும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாளைச் சேர்த்துச் செருகுங்கள். ஓசை குறையும், ஓட்டை விழாது, எழுத்து முகங்களுக்கும் பாதுகாப்பு. உருளை வழுக்கித் தாள் நழுவினால், நுண்ணிய உப்புத்தாளால் மேற்பரப்பை மிக லேசாக உரசிப் பளபளப்பை நீக்கலாம். நிலையான தீர்வு வேண்டுமானால் புது ரப்பர் ஏற்ற வேண்டும். அச்சக உருளைகளுக்கு ரப்பர் ஏற்றும் பட்டறைகளில் விசாரியுங்கள். பழைய விட்டத்தை அளந்து எழுதிக் கொடுத்து, இம்மி பிசகாமல் அதே அளவு வேண்டும் என்று வற்புறுத்துங்கள். விட்டம் கூடினால் வரி இடைவெளி மாறும். எழுத்து தாளைத் தொடும் தூரமும் மாறும்.

என் பொறியில் 1 என்ற எண்ணே இல்லை. உடைத்து எடுத்துவிட்டார்களா?
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. பல ஆங்கிலப் பொறிகளில் அந்த விசையே கிடையாது. சிறிய 'எல்' எழுத்தை 1 ஆகப் பயன்படுத்த வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். வியப்புக்குறியும் இருக்காது, ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, ஓரிடம் பின்னால் வந்து, முற்றுப்புள்ளியை அடியுங்கள்.

தினமும் எழுதுவதற்காக ஒன்று வாங்க நினைக்கிறேன். பெரிய மேசைப்பொறியா, ஒலிவெட்டி போன்ற கையடக்கப் பொறியா?
– வாசகி, பெங்களூரு

ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதுபவர் என்றால் மேசைப்பொறி. அதன் எடைதான் அதன் நற்குணம்; எவ்வளவு வேகமாக அடித்தாலும் மேசையில் நகராது, விசைகளின் எதிர்ப்பும் சீராக இருக்கும். இரண்டாவது காரணம் நம் ஊர் சார்ந்தது: நம் மெக்கானிக்குகள் பழகியது ரெமிங்டன், கோத்ரெஜ், ஹால்டா, ஃபேசிட் போன்ற மேசைப்பொறிகளில்தான். ஒலிவெட்டியின் லெட்டெரா 22, மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்து 1950இல் வந்தது. நான்கு கிலோவுக்கும் குறைவான எடை. அழகில் அதற்கு நிகர் சிலவே. ஆனால் எடை குறைந்த பொறியில் எடை குறைந்த உறுப்புகள்தாம் இருக்கும். தவறாகக் கையாண்டால் விரைவில் சீரழியும்.

கையடக்கப் பொறிதான் வேண்டும் என்றால், ஜெர்மனியின் ஒலிம்பியா எஸ்எம் வரிசையையோ சுவிட்சர்லாந்தின் ஹெர்மஸ் 3000 மாதிரியையோ தேடுங்கள். இரண்டும் சற்றுக் கனமானவை. நீண்ட நேரம் எழுத உகந்தவை. வாங்கும்போது எழுத்து அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். பைக்கா என்றால் அங்குலத்துக்கு 10 எழுத்துகள், எலீட் என்றால் 12. கண்ணாடி அணிபவருக்குப் பைக்காவே நல்லது.

கணினி இருக்கும்போது இதில் எழுதுவதால் என்ன பயன்? வெறும் ஆடம்பரம்தானே?
– வாசகர், கோயம்புத்தூர்

ஒரு பொறியை வாங்கி வரவேற்பறையில் காட்சிக்கு வைத்தால் ஆடம்பரம்தான். எழுதினால் ஒரு குறிப்பிட்ட பயன் உண்டு. அது எல்லோருக்கும் பொருந்தாது. தட்டச்சுப்பொறியில் பின்னால் போய்த் திருத்த இயலாது. ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் அதன் முதல் பாதியை ஆறு முறை மாற்றும் பழக்கம் உடையவருக்கு அது ஒரு கட்டாயத்தைத் தருகிறது. வாக்கியத்தைத் தலைக்குள் முடித்துவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டியிருக்கும். முதல் வரைவு முன்னோக்கியே போகும். மனுக்களையும் அலுவலகக் கடிதங்களையும் இதில் அடிக்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுக்குக் கணினியே ஏற்றது. கதை, கட்டுரை, நாட்குறிப்பு, நண்பருக்குக் கடிதம் ஆகியவற்றின் முதல் வரைவுக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன்.

முறையாகச் செய்ய விரும்பினால், இரட்டை வரி இடைவெளியில் அடியுங்கள். ஏ4 தாளில் வழக்கமான ஓரங்கள் விட்டால் ஏறத்தாழ 28 வரிகள் வரும். இடையில் பேனாவால் திருத்த இடம் கிடைக்கும். தவறிய சொல்லை 'எக்ஸ்' எழுத்தால் அடித்துவிட்டு மேலே போங்கள், அழிப்பானைத் தேடாதீர்கள். அழித்தே ஆக வேண்டும் என்றால் வண்டியை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அழியுங்கள். துகள் பொறிக்குள் விழாது. முன்பு சொன்ன பிசினில் பாதி இப்படி விழுந்ததுதான். முக்கியமானதை அடிக்கும்போது கார்பன் தாள் வையுங்கள்.

விசையை அழுத்தாதீர்கள், தட்டி எடுங்கள். கணினி விசைப்பலகையில் பழகிய விரல்கள் விசையின்மேல் தங்கிவிடுவதால்தான் எழுத்து இரட்டையாக விழுகிறது. தண்டுகளும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. லோயர் தேர்வின் வேகம் நிமிடத்துக்கு 30 சொற்கள், அதாவது ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு என்ற கணக்கில் பத்து நிமிடத்தில் 1,500 தட்டுகள். அந்த வேகத்தைவிட ஒரே சீரான இடைவெளிதான் பொறிக்குப் பிடித்தது. மெதுவாக, சீராக அடிப்பவரின் தாளில் எழுத்துகளின் கறுப்பும் சீராக விழும்.

அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். லாரியில் மற்ற சாமான்களோடு என் ரெமிங்டனும் நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். எப்படிக் கட்ட வேண்டும்?
– வாசகர், திருச்சி

முடிந்தால் உங்களோடு காரில் எடுத்துப் போங்கள். லாரியில்தான் போக வேண்டும் என்றால், வண்டியை ஆடவிடாமல் நிறுத்துவதே முதல் வேலை. ஓரத் தடுப்பான்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து வண்டியை நடுவில் நிறுத்துங்கள். பிறகு வண்டியின் இரு முனைகளையும் பொறியின் உடலோடு துணி நாடாவால் கட்டுங்கள். கட்டாத வண்டி வழியெல்லாம் இடமும் வலமும் மோதிப் பற்களையும் நாடாவையும் உடைத்துவிடும். எழுத்துத் தண்டுகளின்மேல் மடித்த மென்துணி ஒன்றை வைத்து மூடியை மூடுங்கள். வரி மாற்றும் கைப்பிடியும் உருளைக் குமிழ்களும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் உறுப்புகள். கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிப் பொட்டலம் கட்டி அதே பெட்டியில் வையுங்கள்.

பெட்டி பொறியைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலமாவது பெரிதாக இருக்க வேண்டும். இடைவெளியைக் கசக்கிய தாளால் இறுக்கமாக நிரப்புங்கள். எந்த நிலையிலும் பொறி நிமிர்ந்தே இருக்க வேண்டும். தலைகீழாகவோ பக்கவாட்டிலோ கிடத்தக் கூடாது என்று பெட்டியின் நான்கு பக்கமும் தமிழில் பெரிதாக எழுதிவிடுங்கள். சுமை இறக்குபவர்களிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். புது வீட்டில் இறக்கியதும் நாடாக்களை எல்லாம் அவிழ்த்த பிறகே விசையைத் தொட வேண்டும். கட்டை அவிழ்க்காமல் ஓர் எழுத்தை அடித்துப் பார்க்கும் ஆசையில்தான் பலர் புதுப் பழுதை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.